வெறுங்காலில் வளர்ந்த ஐவரி கோஸ்ட் கால்பந்து

1999 பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில், கண்டத்தின் இரண்டு பெரிய கிளப் கோப்பைகளை வென்ற அணிகள் மோதும் ஆப்பிரிக்க சூப்பர் கோப்பை ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் துனிசியாவின் பலம் வாய்ந்த எஸ்பெரான்ஸ் கிளப். எதிரே உள்ளூர் கிளப்பான அசெக் மிமோசாஸ் இறக்கியதோ, தன் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த சின்னப் பையன்களை. கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தில் பையன்கள் 3-1 என்று ஜெயித்தார்கள். கோலோ துரே, திதியே சோகோரா போன்ற பெயர்கள் அப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்தன.

அந்தப் பள்ளியை உருவாக்கியவர் பிரான்ஸின் முன்னாள் வீரர் ழான் மார்க் கியூ. 1990களின் முற்பகுதியில், கிளப் தலைவர் ரோஜே உவேஞ்ஞானின் ஆதரவோடு அபிஜானின் சோல் பெனி வளாகத்தில் அதைத் தொடங்கினார். பையன்கள் அங்கேயே தங்கினார்கள். பள்ளிப் படிப்பும் அங்கேயே. ஆரம்ப வருடங்களில் காலில் ஷூ கிடையாது. பந்தைக் கீழே விழவிடாமல் காலாலும் தொடையாலும் தலையாலும் தட்டிக்கொண்டே இருக்கும் பயிற்சி தினமும் உண்டு.

ஷூ வாங்கப் பணமில்லாததால் வந்த ஏற்பாடு அல்ல இது. தெரிந்தே எடுத்த முடிவு. இதன் பின்னே இருக்கும் உடலியல் அழகானது.

பந்தை ஓங்கி உதைக்கும்போது காலும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் சுமார் 10 மில்லிவினாடிதான். பாதத்திலிருந்து தொடு உணர்வு மூளையை எட்டவோ 40 மில்லிவினாடி அளவுக்கு ஆகிறது. அதாவது, பட்டதை மூளை அறிவதற்குள் பந்து போய்விடுகிறது. உதைக்கும்போதே திருத்திக்கொள்ள யாராலும் முடியாது. எல்லாமே முன்கணிப்பு: பந்து எங்கே வரும், எந்த இடத்தில் படும், எவ்வளவு விசை வேண்டும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுக் காலுக்கு உத்தரவு கொடுத்துவிடுகிறது. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தால் உடம்பே அதிர்கிறதல்லவா? அந்த அதிர்ச்சி, கணிப்பு பொய்த்ததன் அடையாளம்.

அப்படிப் பொய்த்த கணிப்பை அடுத்த முறைக்காகத் திருத்தி வைப்பதில் சிறுமூளைக்குப் பெரும் பங்குண்டு. பிழை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ, திருத்தமும் அவ்வளவு துல்லியமாகும். வெறுங்கால் அந்தத் தெளிவைக் கொடுக்கிறது. மேற்பாதத்தின் சரியான இடத்தில் பட்டால் பந்து நேராக எழும்; விரல் நுனியில் பட்டால் வலிக்கும், பந்தும் எங்கோ ஓடும். கோச் வாய் திறக்கத் தேவையில்லை. தரையில் ஊன்றியிருக்கும் இன்னொரு காலுக்கும் லாபம் உண்டு. உள்ளங்காலின் தொடு உணர்விகள் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். தடித்த ஷூ அதை மழுக்கும். பந்து தட்டும் பயிற்சியில் ஒவ்வொரு தொடுதலுக்கும் விடை உடனே கிடைக்கிறது. சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கணக்கான விடைகள். முழு மைதானத்தில் ஒரு ஆட்டம் முழுக்க ஓடினாலும் அத்தனை முறை பந்து காலில் படாது.

வெறுங்கால் மட்டுமே இவர்களை உருவாக்கியது என்று சொன்னால் அது மிகை. பெருங்கூட்டத்திலிருந்து சலித்தெடுத்த பையன்கள் அவர்கள். வேளாவேளைக்குச் சாப்பாடும் பல வருடத் தொடர் பயிற்சியும் இருந்தன. நாட்டின் மிகப் பிரபலமான வீரர் திதியே துரோக்பா இந்தப் பள்ளிக்காரரே அல்ல, பிரான்ஸில் வளர்ந்தவர். ஆனால் 2006இல் ஐவரி கோஸ்ட் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போனபோது அணியில் கணிசமானோர் சோல் பெனியில் பழகியவர்கள். 2015 ஆப்பிரிக்கக் கோப்பையை கானாவிடமிருந்து பெனால்டியில் 9-8 என்று பறித்த அணியின் கேப்டன் யாயா துரேயும் அங்கிருந்து வந்தவரே.

எனக்கு வருத்தம் ஒன்றுண்டு. கியூ பிறகு பெல்ஜியத்தின் பெவெரன் கிளப்பில் பொறுப்பேற்று, இந்தப் பையன்களை வரிசையாக அங்கே கொண்டுபோனார். தேசிய அணி உயர்ந்தது. உள்ளூர் ரசிகர்களோ தங்கள் ஊரின் ஆகச்சிறந்த ஆட்டத்தை டிவியில்தான் பார்க்க முடிந்தது.

முறை அபிஜானோடு நிற்கவில்லை. மாலியின் தலைநகர் பமாகோவிலும் கியூ இதே பாணியில் பள்ளி தொடங்கினார். அமடு ஹைதரா, தியாதி சமசேகு இருவரும் அங்கே பழகி ஐரோப்பிய லீக்குகளுக்குப் போனவர்கள்.