பாஸ், பொஸ்: ஒரு சொல் இரண்டு கப்பலில் வந்த கதை

'மேட் மென்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முழுதாகப் பார்த்தவர்கள் திருகோணமலைக் கடற்கரையில் கூடிவிட்டால், கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: "அந்தக் கந்தோரில உண்மையில ஆர் மச்சான் பொஸ்?" 1960 மார்ச்சில் தொடங்கி 1970 நவம்பரில் முடிகிற கதை. நியூயோர்க்கின் மடிசன் அவனியூவில் ஒரு விளம்பர நிறுவனம். 2007 முதல் 2015 வரை ஏழு பருவங்களாக 92 அங்கங்கள் ஓடியது. ஒருவர் விளம்பரம் எழுதும் பிரிவை நடத்துகிற டொன் டிரேப்பர்தான் பொஸ் என்பார். சப்பாத்தைக் கழற்றாமல் எவரையும் தன் அறைக்குள் விடாத கிழவர் கூப்பரை மறந்துவிட்டாயா என்று மற்றவர் கேட்பார். செயலாளர்களை மேய்க்கிற ஜோன் ஒரு நாள் லீவு எடுத்தால் அந்தக் கந்தோர் என்னவாகும் என்று இன்னொரு குரல் வரும்.

வாதம் முடியாததற்குப் பாதிக் காரணம் 'பொஸ்' என்ற சொல்தான். ஆளாளுக்கு வேறு பொருளில் அதைச் சொல்கிறார்கள்.

அதே ஆட்கள் மறுநாள் காலையில் மதில் கட்ட வந்தவரை "பாஸ், ரீ குடிச்சிட்டு ஏறுங்கோ" என்று கூப்பிடுவார்கள். மேசன் பாஸ், கராஜ் பாஸ் என்று தொழில் தெரிந்த கைக்காரர் எல்லோரும் நமக்குப் பாஸ். சிங்களத்தில் பாஸ் உன்னஹே. இந்தப் பாஸும் அந்தப் பொஸ்ஸும் ஒரே சொல். ஒல்லாந்த மொழியில் 'பாஸ்' என்றால் எசமான், வேலைத்தலத்தின் தலைவர். தமிழ்நாட்டு எழுத்தில் ஆங்கிலச் சொல்லும் 'பாஸ்' ஆகிவிடும். டொக்டர், கொப்பி, பொலிஸ் என்று ஒகரம் போட்டு எழுதுகிற நம்முடைய வழக்கத்தால்தான் இரண்டும் இங்கே பிரிந்து தெரிகின்றன. (சோதனை பாஸ் பண்ணுவது வேறு சொல், அதை விட்டுவிடுவோம்.)

பாஸ் இங்கே நேராக வந்தது. 1639 இல் ஒல்லாந்தர் போத்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். பின்னர் இலங்கைக் கரையோரத்தில் நிலைத்து ஆண்டபோது கந்தோர், லாச்சி, கக்கூஸ் என்று எத்தனையோ சொற்களை நமக்கு விட்டுப் போனார்கள். மேசை லாச்சியும் கந்தோரும் பாஸும் இருந்தால் ஓர் அலுவலக நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்! அதிகாரப் போட்டி பார்க்க வேண்டுமென்றால் கோட்டையின் சரித்திரமே போதும். 1782 இல் மட்டும் முதலில் ஆங்கிலேயர், பிறகு பிரெஞ்சுக்காரர் என்று இரண்டு முறை கைமாறியது. திரும்ப ஒல்லாந்தரிடம் போய், 1795 இல் ஆங்கிலேயரிடம் வந்துசேர்ந்தது.

பொஸ் போன கப்பல் வேறு. ஒல்லாந்தர் மன்ஹாட்டன் தீவில் அமைத்த நகரின் பெயர் நியூ அம்ஸ்ரடாம். 1664 இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து யோர்க் கோமகன் ஜேம்ஸின் பெயரால் நியூயோர்க் ஆக்கினார்கள். நம்முடைய கோட்டைக்கு 1803 இல் பிரெட்ரிக் என்று பெயர் வைத்ததும் ஒரு யோர்க் கோமகனுக்காகத்தான், ஆனால் அவர் வேறொருவர். அமெரிக்காவில் அந்தச் சொல் முதலில் நம்முடைய பாஸைப் போலவே கட்டுமானக்காரரைத்தான் குறித்தது. மசச்சூசெட்ஸ் ஆளுநராக இருந்த ஜோன் வின்த்ரொப் 1635 இல் தன் நாட்குறிப்பில், கோட்டை கட்ட வந்த பொறியியலாளர் ஒருவரை 'வேலைப் பாஸ்' என்ற பொருளில் எழுதியிருக்கிறார். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சம்பளத்துக்கு வேலைசெய்த வெள்ளையர், 'எசமான்' அடிமைகளின் வாயில் வருகிற சொல், நாங்கள் அப்படிக் கூப்பிட மாட்டோம் என்று 'பொஸ்' என்றார்கள். ஒல்லாந்த மொழியில் அதன் பொருளும் எசமான்தான் என்பதை ஆர் போய் அவர்களுக்குச் சொல்வது? தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் வெள்ளையரைக் கட்டாயமாகக் கூப்பிட வேண்டியிருந்த சொல்லும் இதே 'பாஸ்'தான்.

முதற் பருவத்தின் நான்காவது அங்கத்துக்கு 'நியூ அம்ஸ்ரடாம்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. வாடிக்கையாளர்களைக் கவனிக்கிற இளைஞன் பீட் கம்பல் தன் சொந்த விளம்பர யோசனையை வாடிக்கையாளரிடம் போட்டுக் காட்டியதற்காக டொன் அவனை வேலையால் நிறுத்துகிறார். கூப்பர் விடவில்லை. பீட்டின் தாய் டைக்மன் குடும்பம், மன்ஹாட்டனின் வடபகுதியில் நிலபுலம் வைத்திருந்த பழைய ஒல்லாந்தக் குடும்பம். அந்தப் பெயர் திறக்கிற கதவுகள் நிறுவனத்துக்கு வேண்டும். டொனின் முகம் கெடாமல் இருக்க, உனக்காக வாதாடியவரே டொன்தான் என்று கூப்பரின் பங்காளி ரொஜர் பீட்டிடம் ஒரு பொய்யையும் சொல்லி வைக்கிறார். அன்றைக்கு அங்கே பொஸ் ஆர்?

தமிழில் இதற்கு ஒரே சொல்லைத் தேடுவது வீண். 'மேலதிகாரி' பதவிப்படியில் மேலே இருப்பவர். டொன் பீட்டுக்கு மேலதிகாரி. 'முதலாளி' முதலை ஆள்கிறவர். கூப்பரும் ரொஜரும் முதலாளிகள். சிங்களவரும் நம்மிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்து 'முதலாலி' என்கிறார்கள். மேலதிகாரி நிறுத்தியவனை முதலாளி வைத்துக்கொண்டார் என்று எழுதினால் அந்த அங்கம் ஒரு வரியில் விளங்கிவிடும். பின்னர் நிறுவனத்தை வாங்கிய இலண்டன் கொம்பனி கணக்கு வழக்குப் பார்க்க அனுப்பிவைத்த லேன் பிரைஸ் இரண்டிலும் சேரமாட்டார். தோட்டப்புறத்துக் 'கணக்கப்பிள்ளை' அவருக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. மூன்றாம் பருவத்தின் முடிவில் டொன், ரொஜர், கூப்பர் மூவரும் தாங்களே கேட்டு, லேனைக் கொண்டு தங்களை வேலையால் நிறுத்தவைத்து ஒப்பந்தத்தை உடைக்கிறார்களே, கணக்கப்பிள்ளை துரைக்கு வைத்த ஆப்பு அது.

தொழில் கைக்குள் இருக்கிறவர் என்ற பழைய பொருளுக்கு நம்முடைய 'பாஸ்' இருக்கிறது. தூய தமிழில்தான் வேண்டும் என்பவர்கள் 'தொழில்வல்லார்' என்று எழுதலாம், ஆனால் மேசன் திரும்பிப் பார்க்கமாட்டார். ஏழாம் பருவத்தில், டொனிடம் செயலாளராகத் தொடங்கிய பெகி அவருக்கு மேலே உட்கார்ந்து 25 விளம்பர வரி எழுதித் தரச் சொல்கிறாள். மேலதிகாரி பெகி, பாஸ் டொன். அவருடைய கோபமும் அதில்தான்.

ஜோன்தான் எந்தச் சொல்லுக்கும் அடங்குவதில்லை. ஐந்து வீதப் பங்கு கிடைத்தபின் சட்டப்படி அவளும் முதலாளி. அந்தப் பங்குக்கு அவளிடம் என்ன கேட்கப்பட்டது என்பதைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லை அவளுக்கு எழுதக் கொஞ்சம் யோசிப்பார்கள். பங்கு வருவதற்கு முன்பே கந்தோரை நடத்தியவள் அவள். அந்தக் காலத்துக்கு 'நிருவாகி' என்று எழுதுவதே சரி என்று எனக்குப் படுகிறது. உவர்மலைப் பக்கத்து நண்பர் ஒருவர் அதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.