வாங்கிய விலையை மறக்காத மனம்

ஒரு பங்கை 100 என்ற விலையில் வாங்கியவர், சந்தை சரிந்து அது 60-க்கு வந்த பிறகு, பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: “வாங்கிய விலை திரும்பி வந்தால் போதும், விற்றுவிடுகிறேன்.” கேட்பதற்கு நிதானமான முடிவு போலத் தோன்றும் இந்த வாக்கியத்தில், 100 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அந்த நிறுவனத்தின் வருமானத்துக்கோ கடனுக்கோ வருங்கால வாய்ப்புகளுக்கோ அந்த எண்ணோடு எந்தத் தொடர்பும் கிடையாது. அது வாங்கியவரின் நினைவிலும் அவருடைய கணக்கிலும் மட்டுமே வாழ்கிறது. அதே பங்கை முன்பே 40-க்கு வாங்கி வைத்திருப்பவருக்கு இன்றைய 60 லாபமாகத் தெரிகிறது. பங்கு ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். மனத்தில் நட்டுவைத்த அளவுகோல் மட்டுமே வேறு.

இந்த அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் மிக நுட்பமாகக் காட்டினார்கள். ஒரு குழுவினரிடம், “உங்களிடம் இருப்பதோடு 1,000 தரப்பட்டிருக்கிறது, இனி உறுதியாக 500 கிடைப்பது வேண்டுமா, அல்லது பாதி வாய்ப்பில் 1,000 கிடைப்பது வேண்டுமா?” என்று கேட்டபோது, 84 விழுக்காட்டினர் உறுதியான 500-ஐத் தேர்ந்தார்கள். மற்றொரு குழுவினரிடம், “2,000 தரப்பட்டிருக்கிறது, உறுதியாக 500 இழக்கிறீர்களா, அல்லது பாதி வாய்ப்பில் 1,000 இழக்கும் ஆபத்தை ஏற்கிறீர்களா?” என்று கேட்டபோது, 69 விழுக்காட்டினர் ஆபத்தையே தேர்ந்தார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டு கேள்விகளும் ஒன்றேதான்: உறுதியாக 1,500, அல்லது சரிபாதி வாய்ப்பில் 1,000 அல்லது 2,000. ஆயினும் கேள்வி லாபத்தின் பக்கமிருந்து வரும்போது பாதுகாப்பை நாடும் மனிதர், இழப்பின் பக்கமிருந்து வரும்போது சூதாடத் துணிகிறார். 60-க்கு இறங்கிய பங்கைக் கையில் வைத்திருப்பவர் நிற்பது இந்த இரண்டாவது கேள்வியின் முன்னால்தான். விற்றால் 40 போனது உறுதியாகிவிடும். விற்காவிட்டால், மேலும் இறங்கும் ஆபத்து இருந்தாலும், பழைய விலைக்கு மீளும் வாய்ப்பு ஒன்று மிச்சமிருக்கிறது.

லாபத்தில் இருக்கும் பங்கை அவசரமாக விற்பதும் நட்டத்தில் இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்வதுமான இந்தப் போக்கை ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மெயர் ஸ்டாட்மனும் 1985-இல் ‘டிஸ்பொசிஷன் எஃபெக்ட்’ (disposition effect) என்று பெயரிட்டு விளக்கினார்கள். டெரன்ஸ் ஓடியன் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை எடுத்துக்கொண்டு இதை எண்களில் காட்டியது. விற்றிருக்கக்கூடிய லாபங்களில் 14.8 விழுக்காட்டை முதலீட்டாளர்கள் விற்றுக் கையில் எடுத்தார்கள், நட்டங்களில் 9.8 விழுக்காட்டை மட்டுமே ஏற்றுக்கொண்டு விற்றார்கள். பிடித்து வைத்திருந்த பங்குகள் பின்னர் மீண்டிருந்தால் இதை மதிநுட்பம் என்று சொல்லலாம். ஆனால் அடுத்த ஓராண்டில், அவர்கள் விற்றுவிட்ட லாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நட்டப் பங்குகளைவிடச் சராசரியாக 3.4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக ஈட்டின.

இது வெறும் பண வலி என்று நினைத்தால் பாதி உண்மையைத்தான் பிடித்தவர்களாவோம். 2016-இல் டாம் சாங், டேவிட் சாலமன், மார்க் வெஸ்டர்ஃபீல்டு ஆகியோர் வெளியிட்ட ஆய்வுதான், என் பார்வையில், இந்தப் பற்றின் வேரைத் தொட்டுக் காட்டுகிறது. தாமே தேர்ந்து வாங்கிய பங்குகளில் நட்டத்தை விற்கத் தயங்கும் அதே முதலீட்டாளர்கள், மேலாளர் ஒருவர் நிர்வகிக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளில் நேர்மாறாக நடந்துகொள்கிறார்கள். நட்டத்தில் இருப்பதைத்தான் அங்கே முதலில் விற்கிறார்கள். பணம் இரண்டு இடத்திலும் அவர்களுடையதுதான். ஃபண்டில் தவறு மேலாளருடையது, அவரை மாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது. சொந்தமாகத் தேர்ந்த பங்கில் பழியை ஏற்க வேறு ஆளில்லை. நட்டத்தில் விற்கும் அந்தக் கணத்தில் மனிதர் தம்முடைய தீர்ப்பு பிழையானது என்று தமக்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, விற்காதவரை அந்த ஒப்புதல் தள்ளிப்போகிறது. பங்கின்மேல் வைத்த பாசம் என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி, “நான் சரியாகத்தான் தேர்ந்தேன்” என்ற நம்பிக்கையின்மேல் வைத்த பாசம்.

சந்தை சரிந்த நாள்களில் தெரியும் மற்ற நடத்தைகளும் இந்த வேரிலிருந்து புரியத் தொடங்குகின்றன. சந்தை இறங்கும்போது முதலீட்டாளர்கள் தங்கள் கணக்கைத் திறந்து பார்ப்பதே குறைகிறது என்று கார்ல்சன், லோவன்ஸ்டைன், செப்பி ஆகியோரின் 2009-ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. வேறு சிலர் இறங்கிய விலையில் மேலும் வாங்கிச் சராசரியைக் குறைக்கிறார்கள். நிறுவனத்தை மறுபடி ஆராய்ந்து பார்த்து வாங்கினால் அது முதலீடு. 100 என்ற அளவுகோலைச் சற்றுக் கீழே இறக்கி வைப்பதற்காகவே வாங்கினால், வலியைக் குறைக்கக் கொடுக்கும் விலை.

விற்காமல் இருப்பதே எப்போதும் பிழை என்றும் கொள்ளக்கூடாது. எல்லாப் பங்குகளும் சேர்ந்து இறங்கும் சரிவில், நல்ல நிறுவனத்தின் பங்கைப் பதறி விற்பது பெரிய இழப்பாக முடியக்கூடும். பொறுமையும் பிடிவாதமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். “இந்தப் பங்கு என்னிடம் இல்லாமல், கையில் 60 பணமாக இருந்தால், இன்று இதை வாங்குவேனா?” என்ற கேள்வி இரண்டையும் பிரித்துக் காட்ட உதவுகிறது, ஏனென்றால் அதில் 100 என்ற எண்ணுக்கு இடமே இல்லை. அந்த எண்ணை விலக்குவதற்குப் பயன் உண்டு என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றும் இருக்கிறது: கேரி ஃபிரைட்மனும் அன்டோனியோ ரேங்கலும் 2014-இல் வெளியிட்ட பரிசோதனையில், வாங்கிய விலை திரையில் கண்ணில் படாதபடி செய்யப்பட்டபோது, லாபத்தை விற்று நட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் போக்கு பங்கேற்றவர்களிடம் குறைந்தது.