ஜல்லிக்கல்லுக்கு முன்னால் செராமிக் கோட்டிங்

கார் பானட்டில் செராமிக் கோட்டிங் எனும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சைப் பெயின்ட்டுக்கு மேல் போட்டுவிட்டால் கல்லடி பட்டாலும் பெயின்ட் பெயராது என்று யாராவது சொன்னால், நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். கல்லைத் தாங்குகிற வேலை அதனுடையது அல்ல.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அதாவது விநாடிக்கு 25 மீட்டர். சாலையிலிருந்து எகிறி நிற்கும் 1 கிராம் ஜல்லித்துண்டு பானட்டில் மோதினால் சுமார் 0.3 ஜூல் ஆற்றல். அதே கல்லை எதிரே வரும் லாரியின் டயர் அதே வேகத்தில் உங்கள் பக்கம் எறிந்திருந்தால் மோதும் வேகம் இரட்டிப்பு, ஆற்றலோ நான்கு மடங்கு. அத்தனையும் கல்லின் ஒரு கூர்முனையில் குவிகிறது. அதை வாங்கிக்கொள்ள அங்கே இருப்பது துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான். மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட முழுதாகத் தேறாது. செராமிக் பூச்சு அதற்கு மேல் ஓரிரு மைக்ரான், அவ்வளவுதான்.

விளம்பரத்தில் வரும் '9எச்' என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. தண்ணீர் ஒட்டாமல் உருள, பறவை எச்சம் சட்டென்று பெயின்ட்டைத் தின்னாமல் இருக்க, செராமிக் நல்லதுதான்.

கல்லுக்கு உதவுவது பி.பி.எஃப். எனும் ஒளிபுகும் பாலியூரித்தேன் படலம். தடிமன் 150 முதல் 200 மைக்ரான். அடி விழுந்ததும் அமுங்கி, விசையைச் சுற்றிலும் பரப்பி, பிறகு மீள்கிறது. கருங்கல்லில் விழுந்தால் சிதறும் தேங்காய் கடற்கரை மணலில் விழுந்தால் சிதறாதே, அதே கணக்கு. வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்கப் பயன்பட்ட படலத்தின் வாரிசு இது. தரமான படலத்தில் மெல்லிய கீறல்கள் சூட்டில் தானாக மறையும். நம் ஊர் மே மாத வெயில் அதற்குத் தாராளம். பெரிய கூர்க்கல் இதையும் கிழித்துவிடும்.

விலை அதிகம் என்பதால் முழுக் காருக்கும் ஒட்ட வேண்டியதில்லை. பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக், துருவேறாது, பார்க்கத்தான் அசிங்கம். பானட்டின் முன்பகுதியும் முன்கண்ணாடிக்கு மேலே கூரையின் விளிம்பும்தான் முக்கியம். அங்கே தகடு தெரியும் அளவுக்குப் பெயர்ந்தால் கடற்காற்றின் உப்பு வேலையைத் தொடங்கும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், மின்கடத்தும் திரவமாகித் துருவை விரைவுபடுத்தும், பெயின்ட்டுக்கு அடியில் பரவிக் கொப்புளமாக்கும். பெயர்ந்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, அந்த வாரமே டச்-அப் பெயின்ட் வைத்துவிடுங்கள்.