ஊஃபர்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போனா "சப் ஊஃபர் வெச்சதா, சாதாவா"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. இந்த ஊஃபர் நாய் குரைக்கிற சத்தத்துல இருந்து வந்த பேரு. நமக்கு லொள், இங்கிலீஷ்காரங்களுக்கு பெரிய நாய் வூஃப்னு குரைக்கும், அதனால கனமான சத்தத்தை எடுத்துப் போடற ஸ்பீக்கர் ஊஃபர், குருவி மாதிரி கீச்சுனு மேல் சத்தம் போடறது ட்வீட்டர். ரெண்டும் 1930-கள்லயே புழக்கத்துக்கு வந்தாச்சு. மிருதங்கத்துல தொப்பி, வலந்தலைனு இருக்கே, ஏறக்குறைய அந்த மாதிரி பிரிவினைதான்.

வூஃபரா ஊஃபரானு கேட்டா, வகரத்தோட உ ஊ ஒ ஓ சேர்ந்து சொல்லுக்கு முதல்ல வராதுன்னு தொல்காப்பியமே சொல்லுது, ஆக மெக்கானிக் சொல்ற "ஊபர்"தான் இலக்கணத்துக்குப் பக்கத்துல இருக்கு!

தமிழ்ல ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கின்னு நிலைச்சுப் போச்சு, உண்மையில பெருக்கற வேலை ஆம்ப்ளிஃபையரோடது, ஆனா இனிமே மாத்த முடியாது. கீழ் ஸ்தாயிக்கு பழைய இசைத்தமிழ்ல மெலிவுன்னு அழகான சொல் இருக்கு, ஆனா மெலிவு ஒலிபெருக்கின்னா சத்தம் கம்மியா வர்ற பீஸ்னு கடைக்காரர் எடுத்துக் குடுத்துடுவார். என் ஓட்டு தாழொலிபெருக்கிக்கு.

"சப்"னா ஊஃபர் சத்தத்துக்கும் கீழ. ஆனா டெஸ்க்டாப் 2.1 செட்டுல (ரெண்டு குட்டி ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர் பொட்டி) கூட வர்ற ரெண்டு குட்டி ஸ்பீக்கராலயும் கனமான சத்தம் எடுக்க முடியாது, அதனால அந்த மிச்ச வேலையும் பொட்டி தலைமேல விழுது. ஆம்பளைக் குரல்ல பாதி மேஜைக்கு அடியில இருந்து வர்ற மாதிரி கேக்குதா, காரணம் இதுதான். சப்னு பேரு, பாக்கறது ஊஃபர் வேலை.

பேருக்குத் தகுந்த மாதிரி உழைக்குமாங்கறது பொட்டியைப் பொறுத்தது. பக்கவாட்டுல இருக்கற ஓட்டை சூடு போறதுக்குன்னு பல பேர் நினைக்கறாங்க, இல்ல, அது பேஸ் ரிஃப்ளெக்ஸ் போர்ட், அமெரிக்காவுல பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்த ஆல்பர்ட் துராஸ் 1932-ல காப்புரிமை வாங்கின ஐடியா. கோனுக்கு (ஸ்பீக்கர்ல அதிர்ந்து சத்தம் போடற கூம்பு) பின்னாடி வீணாப் போற சத்தத்தை, குழாய்க்குள்ள இருக்கற காத்தை அதிர வெச்சு முன்பக்க சத்தத்துக்குத் துணையா வெளிய அனுப்பும். பாட்டு ஓடறப்ப கையை வெச்சா காத்து அடிக்கறது தெரியும், புஸ் புஸ்னு சத்தமும் சேர்ந்து வந்தா குழாய் ரொம்பச் சின்னதுன்னு அர்த்தம். அப்புறம் விரல் மடக்கி பொட்டியைத் தட்டுங்க, எம்டிஎஃப் பலகையா (மரநாரை அழுத்திச் செஞ்சது) கனமா இருந்தா டொக்குனு அடங்கிடும், மெல்லிசு பிளாஸ்டிக்னா டங்குனு பொட்டியே கூடச் சேர்ந்து பாடும். மினுமினுக்கற வளையம், கண்ணைக் கவர்ற லைட்டு இதெல்லாம் பாத்து ஏமாறாதீங்க, சில மலிவு மாடல்ல ட்வீட்டர் மாதிரி தெரியறதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இருக்காது.

கோனைச் சுத்தி இருக்கற விளிம்பு ரப்பரா ஃபோமான்னும் கேட்டுக்கோங்க. ஃபோம் நம்ம ஊர் ஈரக்காத்துக்கு சில வருஷத்துல தொட்டா உதிரும், அப்ப ஊஃபர் கரகரன்னு அடிக்கும், கோன் கிழியாம இருந்தா விளிம்பை மட்டும் மாத்தி ஒட்டிக்கலாம்.