வெட்கத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள்

"குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு இன்றைக்கே முடிந்துவிடுமா மேடம்?"

நீதிமன்ற வராண்டாவில் ஒரு அண்ணன் வழக்கறிஞரான என்னிடம் கேட்ட கேள்வி இது. முந்தைய நாள் மாலை, விபசாரம் நடப்பதாகச் சொல்லி ஒரு மசாஜ் சென்டரில் நடந்த சோதனையில் அவருடைய தங்கையை போலீசார் பிடித்திருந்தார்கள். அவள் அங்கே வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஊரில் அப்பாவுக்குத் தெரிவதற்குள் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்பது மட்டுமே அண்ணனின் மனதில் ஓடியது. நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொன்னேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த இன்னொரு பெண். அவர் இதே போன்ற வழக்கில் வழக்கறிஞர் யாரும் இல்லாமல் முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, 500 ரூபாய் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர். பிறகு வெளிநாட்டு வேலைக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டபோதுதான் அந்த 500 ரூபாய் ரசீது ஒரு தண்டனைப் பதிவு என்பது அவருக்குத் தெரிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு மேல்முறையீட்டு வழி மிகக் குறுகலானது. தண்டனையின் அளவு, அது சட்டப்படி செல்லுமா என்ற இரண்டைத் தவிர வேறெதையும் கேட்க முடியாது. அவருடைய வழக்குக் கட்டைப் படித்து முடித்தபோது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. எதிர்த்து நின்றிருந்தால் அந்த வழக்கு நின்றிருக்காது.

ஏன் நின்றிருக்காது என்பது புரிய வேண்டுமானால், சட்டம் எதைக் குற்றம் என்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் பொதுவாக விபசாரத் தடுப்புச் சட்டம் என்று அழைப்பது 1956ல் வந்து, 1986ல் பெரிய அளவில் திருத்தப்பட்ட சட்டம். வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தின்பேரில், தனியாக, பணம் பெற்று உறவு கொள்வதை இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் தனிக் குற்றமாக்கவில்லை. விடுதி நடத்துவது (பிரிவு 3), பிறரின் வருமானத்தில் பிழைப்பது (4), ஆளைத் தூண்டி இத்தொழிலுக்குக் கொண்டுவருவது (5), அடைத்துவைப்பது (6) ஆகியவைதான் சட்டத்தின் முதன்மை இலக்கு. ஆனால் விடுதி என்ற சொல்லின் வரையறை அகலமானது. இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து இருவரின் ஆதாயத்துக்காகவும் தொழில் செய்தாலே அது விடுதியாகிவிடும்.

பிரிவு 7 இன்னொரு வலை. வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம், மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் இத்தொழில் நடந்தால், அந்தப் பெண், அவரிடம் வந்தவர் இருவருக்கும் 3 மாதம் வரை சிறை. சென்னையில் கோயிலோ பள்ளியோ மருத்துவமனையோ இல்லாத 200 மீட்டரை யாராவது காட்ட முடியுமா? ஊர் முழுவதும் தடை என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நடைமுறை அங்கேதான் வந்து நிற்கிறது.

பிரிவு 8 வாடிக்கையாளரை அழைப்பது பற்றியது. முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்த அழைப்பு பொது இடத்தில் நடந்திருக்க வேண்டும், அல்லது பொது இடத்திலிருந்து பார்க்கவோ கேட்கவோ முடிகிறபடி நடந்திருக்க வேண்டும். 500 ரூபாய் கட்டிய அந்தப் பெண்ணின் வழக்கில் மப்டியில் இருந்த காவலர் ஒருவர் வாடிக்கையாளர் போல உள்ளே போயிருக்கிறார். மூடிய அறைக்குள் பேச்சைத் தொடங்கியவரும் அவர்தான். "முதலாளியைக் கேளுங்கள்" என்பது மட்டுமே அந்தப் பெண் சொன்ன பதில். சோதனையின்போது எழுதப்படும் மகஜரில் அது "ஆசை வார்த்தை கூறி அழைத்தார்" என்று மாறிவிட்டது. பொது இடமும் இல்லை, அழைப்பும் இல்லை. அதன் பிறகும் பிரிவு 8ன் கீழ் தண்டனை.

இப்படி ஆளை அனுப்பிப் பிடிப்பதே சட்டவிரோதம் என்று நான் சொல்லவில்லை. நடந்துகொண்டிருக்கும் குற்றத்தைக் கண்டுபிடிக்க போலி வாடிக்கையாளரை அனுப்பலாம். அறைக்குள் அடைபட்டிருக்கும் ஒரு சிறுமியை வெளியே கொண்டுவர பல நேரங்களில் அதைவிட்டால் வேறு வழியே இருப்பதில்லை. ஆனால் குற்றத்தைத் தேடிப்போவது வேறு, குற்றம் செய்யும் எண்ணமே இல்லாதவரைத் தூண்டிக் குற்றத்தை உருவாக்குவது வேறு. லஞ்சப் பொறி வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 1950களிலேயே இந்த வேறுபாட்டைப் பேசியிருக்கிறது.

இந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் சோதனைக்குக் கறாரான நடைமுறை உண்டு. புலனாய்வு செய்ய வேண்டியவர் இதற்கென நியமிக்கப்பட்ட சிறப்புக் காவல் அலுவலர். ஆய்வாளர் பதவிக்குக் குறைந்தவர் அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது. உதவி ஆய்வாளர் புலனாய்வு செய்த ஒரு டெல்லி வழக்கில், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. வாரன்ட் இல்லாமல் சோதனை போட்டால், ஏன் காத்திருக்க முடியவில்லை என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். சாட்சிகளாக அந்தப் பகுதி மக்கள் இருவராவது வேண்டும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். உடன் இரண்டு பெண் காவலர்கள் இருக்க வேண்டும். மீட்கப்பட்ட பெண்ணிடம் பெண் காவல் அலுவலர்தான் விசாரிக்க வேண்டும், அவர் இல்லையென்றால் நலஅமைப்பைச் சேர்ந்த ஒரு பெண் உடன் இருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையை ஒலி, ஒளிப் பதிவு செய்யவும் கட்டாயப்படுத்துகிறது. என் அனுபவத்தில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் உடைவது இந்த இடங்களில்தான். போலி வாடிக்கையாளரிடம் கொடுத்த நோட்டுகளின் எண்கள் மகஜரில் வரிசையாக இருக்கும். பெண் சாட்சியின் கையெழுத்து இருக்காது.

வாடிக்கையாளராகப் பிடிபட்டவரின் நிலை என்ன? நீதிமன்றங்களே இதில் ஒரே குரலில் பேசவில்லை. விடுதி நடத்துவது தொடர்பான பிரிவுகளில் வாடிக்கையாளரைச் சேர்க்க முடியாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2014லும் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022லும் கூறின. மசாஜ் சென்டர் சோதனையில் சிக்கிய ஒருவர் மீதான வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் 2022ல் ரத்து செய்தது. ஆனால் 2025ல் கேரள உயர் நீதிமன்றம், பாலியல் தொழிலாளி விற்பனைப் பண்டமல்ல, பணம் கொடுத்து வருபவரைத் தூண்டுபவராகக் கருதி பிரிவு 5ன் கீழ் வழக்கு நடத்தலாம் என்றது. அந்தப் பிரிவில் தண்டனை 3 முதல் 7 ஆண்டுகள். கடத்திக் கொண்டுவரப்பட்டவர் என்று தெரிந்தே ஒருவர் போயிருந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 144ல் குறைந்தது 3 ஆண்டுகள். அங்கே இருப்பவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும். அதில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்த வழக்குகளில் இரக்கம் காட்டுமாறு நான் யாரையும் கேட்க மாட்டேன்.

பத்திரிகை நண்பர்களிடம் ஒரு மன்றாட்டு. "அழகிகள் மீட்பு" என்ற தலைப்பை விட்டுவிடுங்கள். மீட்கப்பட்டவரின் முகத்தையும் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்பதில் உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று தெளிவான உத்தரவு பிறப்பித்தது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்டக் கூடாது என்பதும், காப்பகங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களின் நிலையை ஆராய வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. 2007ல் டெல்லியில் ஒரு தொலைக்காட்சி, பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளை இத்தொழிலில் ஈடுபடுத்துவதாக ரகசியப் பதிவை ஒளிபரப்பியது. கூட்டம் அவரைத் தாக்கி ஆடையைக் கிழித்தது. பிறகுதான் அந்தப் பதிவே ஜோடனை என்று தெரிந்தது. அந்த அலைவரிசை ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. அந்த ஆசிரியைக்கு நேர்ந்ததை எந்த உத்தரவும் திருப்பி எடுக்கவில்லை.

இன்னொரு கும்பலும் மக்களின் இதே வெட்கத்தை வைத்துப் பிழைக்கிறது. இணையத்தில் இத்தகைய ஒரு பாலியல் சேவை விளம்பரத்துக்குப் பதில் அனுப்பியவரிடம் மறுநாள், "காவல் நிலையத்திலிருந்து பேசுகிறேன், உன் பெயரில் வழக்கு இருக்கிறது" என்று அழைப்பு வரும். கியூஆர் கோடு அனுப்பிப் பணம் கேட்பார்கள். எந்தக் காவல் நிலையமும் தொலைபேசியில் அபராதம் வசூலிப்பதில்லை. ஒரு முறை கொடுத்தால் அடுத்த வாரமும் கேட்பார்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

அந்த அண்ணன் நான் சொன்னதைக் கேட்டார். தங்கை ஒன்பது வாய்தாவுக்கு வந்தாள். புலனாய்வு செய்தவர் அதிகாரம் பெற்ற அலுவலர் இல்லை என்ற ஒரே காரணத்தில் வழக்கு முடிந்தது, அவள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பிடிபட்டதாக இரவில் தகவல் வந்தால், முதலில் எந்தக் காவல் நிலையம், எந்தப் பிரிவு, கைதா மீட்பா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் கேளுங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்வார்கள்.