ஒரே மனிதருக்குப் பல முகங்கள்

மல்யுத்த வீரர் ‘ஆந்த்ரே தி ஜயன்ட்’ வாழ்க்கையைப் படக்கதையாக வரைய உட்காரும் ஓவியர், ஒரு முகத்தைப் பழகிக்கொண்டு கடைசிவரை அதையே வரைய முடியாது. இளம் வயதுப் படங்களில் ஒல்லியான முகம். 40 வயதில் புருவ எலும்பு புடைத்து, தாடை முன்னே தள்ளி, மூக்கும் உதடும் தடித்திருக்கும். வயது மட்டும் செய்த வேலை அல்ல இது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் வேலை.

அந்தச் சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை இடைவெளி விட்டுச் சுரக்கும், தூக்கத்தில் அதிகமாக. அது கல்லீரலைத் தூண்டும். கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனை வெளியிடும். கைகால் எலும்புகளின் முனையருகே இருக்கும் குருத்தெலும்புத் தகட்டை அது எட்டியதும் அங்குள்ள செல்கள் பெருகும், எலும்பு நீளும். போதுமான அளவு வந்ததும் உடலே சுரப்பை அடக்கிவிடும். ஆனால் சுரப்பியில் ஒரு கட்டி முளைத்துவிட்டால் அந்தத் தடை எடுபடாது. பெரும்பாலும் அது புற்றுநோய்க் கட்டிகூட அல்ல.

பதின்ம வயது முடியும்போது அந்தத் தகடுகள் எலும்பாகி மூடிக்கொள்ளும். அதற்குமுன் கட்டி வந்தால் உயரம் ஏறிக்கொண்டே போகும். 1946இல் பிரான்ஸில் பிறந்த ஆந்த்ரேயின் உயரத்தை மேடையில் 7 அடி 4 அங்குலம் என்று அறிவிப்பார்கள். தகடு மூடிய பிறகும் ஹார்மோன் ஓயாததால், நீள வழியில்லாத எலும்பு தடிக்கத் தொடங்கும். மோதிரம் விரலில் ஏறாது, செருப்பின் அளவு மாறும், பற்களுக்கு நடுவே இடைவெளி விழும், நாக்கு பெருத்துத் தூக்கத்தில் மூச்சை அடைக்கும். 1886இல் இதற்கு அக்ரோமெகலி என்று பெயரிட்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், மருத்துவர் பியேர் மரி.

மூட்டுகளை நினைத்தால்தான் எனக்கு மனம் கனக்கிறது. அங்குள்ள குருத்தெலும்பும் முதலில் தடிக்கும், பிறகு வெடித்துத் தேயும். 1987 மார்ச் 29 அன்று மிச்சிகன் மாநிலத்தின் பாண்டியாக் அரங்கில் சக மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்கி அடித்ததை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அன்று ஆந்த்ரே முதுகு அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர். உடைக்குள் முதுகுப் பட்டை கட்டியிருந்தார்.

நோயைக் கண்டறிய குளுக்கோஸ் கரைசல் குடிக்கக் கொடுப்பார்கள். சாதாரண உடலில் சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் இறங்கும், இவர்களுக்கு இறங்காது. பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. தினமும் பார்க்கும் வீட்டாருக்குப் பிடிபடாத மாற்றம், படங்களை வரிசையாக வைத்தால் பளிச்சென்று தெரியும். மூக்கு வழியாகக் கருவியைச் செலுத்திக் கட்டியை அகற்றும் முறை ஆந்த்ரே காலத்திலேயே இருந்தது. அவர் அந்தச் சிகிச்சைக்குப் போகவில்லை.

இதயத் தசையும் இந்த ஹார்மோனுக்குத் தப்பாது. சுவர்கள் தடித்து விறைத்துப்போனால், இதயம் விரிந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ளத் திணறும். 1993 ஜனவரியில் தந்தையின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்ஸ் போயிருந்தார் ஆந்த்ரே. பாரிஸில் ஒரு விடுதி அறையில், தூக்கத்திலேயே அவர் இதயம் நின்றது. அப்போது வயது 46.