பில்ஜ் பம்பு பெட்டியில் போட்டிருக்கிற எண்

ஓட்டை இல்லாத படகிலும் தண்ணீர் சேரும். மழைத் தண்ணீர் மேல்தளத்து மூடிகளின் இடுக்கு வழியாக இறங்கும், அலை தெறிக்கும், நங்கூரச் சங்கிலியோடு கொஞ்சம் உள்ளே வரும். எஞ்சினிலிருந்து ப்ரொப்பெல்லருக்குப் போகிற தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில் பழைய முறைப்படி கயிறு திணித்து அடைத்திருந்தால், தண்டு சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும், அந்தச் சொட்டுதான் அதைச் சூடேறாமல் காக்கிறது. இத்தனையும் படகின் அடியில் ஆகத் தாழ்வான பள்ளத்தில் போய்த் தேங்கும். அந்தப் பள்ளம்தான் பில்ஜ், அதிலிருந்து தண்ணீரை இறைப்பது பில்ஜ் பம்பு. கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது, கட்டைகளின் இடுக்கில் வந்த தண்ணீர் அப்படியே வழிந்துவிடும். உள்ளே குழிவான படகுக்குத்தான் இறைக்கிற வேலை.

சின்ன உல்லாசப் படகுகளில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் சென்ட்ரிஃபியூகல் பம்பு. உள்ளே இம்பெல்லர் என்கிற இறக்கைச் சக்கரம் வேகமாகச் சுற்றி தண்ணீரை ஓரத்துக்கு வீசும், நடுவில் அழுத்தம் குறையும், அந்த இடத்துக்குக் கீழிருந்து புதுத் தண்ணீர் வரும். இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் சின்னக் குப்பை வந்தாலும் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். ஆனால் அதே இடைவெளிதான் இதன் பலவீனமும். எதிரே அழுத்தம் கூடினால் தண்ணீர் உள்ளேயே நழுவிச் சுற்றும், மோட்டார் சத்தம் நன்றாகக் கேட்கும், வெளியே வருவது குறைந்துகொண்டே போகும். காற்றையும் இதனால் இழுக்க முடியாது. வீட்டு மோட்டாரில் ஏர் பிடித்தால் ஓடுமே தவிர தண்ணீர் ஏறாதே, அதே கதை. அதனால்தான் இதைத் தண்ணீருக்குள்ளேயே, பள்ளத்தின் அடியில் வைக்கிறார்கள்.

இப்போது பெட்டியில் இருக்கிற எண்ணுக்கு வருவோம். 1100 என்று போட்டிருந்தால் மணிக்கு 1100 அமெரிக்க கேலன், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 70 லிட்டர். இது பெரும்பாலும் தண்ணீரை மேலே ஏற்றாமல், நல்ல வோல்டேஜில் அளந்த கணக்கு. உங்கள் படகில் அது ஒரு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், நீளமான குழாயில் வளைந்து வளைந்து போக வேண்டும், அந்தக் குழாயும் உள்ளே வரிவரியாக இருந்தால் உராய்வு இன்னும் கூடும். அதோடு பேட்டரியும் சற்று இறங்கியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு குறைவது சாதாரணம். 70 என்பதை 45 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையிலேயே ஓட்டை விழுந்தால்? நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை, அதாவது படகின் உடலைத் துளைத்துப் போகிற ஒரு குழாய் கழன்றால் போதும். தண்ணீர் நொடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் உள்ளே பாயும், துளையில் தாரை ஒடுங்குவதைக் கழித்தாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 லிட்டர். 45 எங்கே, 240 எங்கே! பம்பு இறைத்துவிடும் என்று உட்கார்ந்திருந்தால் படகு போய்விடும். பம்பு தருவது சில நிமிட அவகாசம், அதற்குள் ஓட்டையைத் தேடி அடைக்க வேண்டும். துளைக்குப் பொருத்தமான மென்மரக் கட்டையை ஒவ்வொரு குழாய் வாய் அருகிலும் கட்டித் தொங்கவிடுவது இதற்காகத்தான்.

ஆள் இல்லாத நேரத்தில் காவல் காப்பது ஃப்ளோட் சுவிட்ச். தண்ணீர் ஏறினால் மிதவை தூக்கும், மோட்டார் ஓடும், இறங்கினால் நிற்கும். இதற்கான ஒயர் மெயின் சுவிட்சைத் தாண்டி, ஒரு ஃபியூஸ் வழியாக நேராக பேட்டரிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது காவலையும் சேர்த்து அணைத்துவிடுகிறீர்கள். ஃபியூஸ் பம்பு தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே இருக்கட்டும். இம்பெல்லர் சிக்கி நின்றால் மோட்டார் மிக அதிகமாக மின்சாரம் இழுத்துச் சூடாகும், பெரிய ஃபியூஸ் போட்டிருந்தால் அது உருகாது, ஒயர் தீப்பிடிக்கும்.

பலரைக் குழப்புகிற கோளாறு ஒன்று உண்டு. பம்பு நின்றதும் குழாயில் மீதி இருக்கிற தண்ணீர் திரும்பப் பள்ளத்தில் விழும், மிதவை தூக்கும், மறுபடி ஓடும், மறுபடி விழும், இப்படியே பேட்டரி தீரும்வரை. உடனே குழாயில் ஒரு ஒருவழி வால்வைப் போடத் தோன்றும். வேண்டாம் என்பேன். அது எதிர்ப்பைக் கூட்டும், குப்பை சிக்கினால் அடைக்கும், பம்புக்கும் வால்வுக்கும் நடுவே காற்று மாட்டிக்கொண்டால் ஒரு சொட்டுகூட ஏறாது. குழாயை நேராகவும் குட்டையாகவும் ஆக்கி, மிதவையைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பதே நல்லது. வெளியேறும் வாயும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும், பாய்மரப் படகு சாயும்போதுகூட. அது தண்ணீருக்குள் போனால், பம்பு நின்றபின் கடலே சைஃபன் முறையில் உள்ளே வர ஆரம்பிக்கும்.

தண்ணீர் பேட்டரியைத் தொட்டுவிட்டால் மின்பம்பு அத்தோடு சரி. அதற்குத்தான் கையால் இயக்கும் டயஃப்ரம் பம்பு: ரப்பர் சவ்வு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு அளவு தண்ணீரை அடைத்துத் தள்ளும், உயரம் இதை அவ்வளவாகப் பாதிக்காது, காற்றையும் இழுக்கும். அப்புறம் வாளி. வேர்ல்ட் செய்லிங் அமைப்பின் கடல் பந்தய விதிகள் கயிறு கட்டிய, 9 லிட்டராவது கொள்ளும் 2 உறுதியான வாளிகளைக் கேட்கின்றன. நிமிடத்துக்குப் பத்து வாளி வீசினால் 90 லிட்டர், அந்த 1100 பம்பு உண்மையில் தரும் 45-ஐவிட இரண்டு மடங்கு! கை ஓய்கிறவரைதான், ஆனால் அந்த நேரத்தில் அதுவே பெரிய உதவி.

சோதிக்கும்போது சுவிட்சைத் தட்டி மோட்டார் சத்தம் கேட்டதும் போய்விடாதீர்கள். கையால் போடும் சுவிட்ச் மிதவையைத் தாண்டிப் போகிறது, மிதவை கெட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஒரு வாளித் தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றி, அது தானே ஓடுகிறதா, வெளியே தாரை வருகிறதா, தானே நிற்கிறதா என்று பாருங்கள். முதலில் எண்ணெய் மிதக்கிறதா என்று கவனியுங்கள், மிதந்தால் உறிஞ்சும் துணியைப் போட்டு எடுத்துவிட்டு அப்புறம் இறையுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, அதுவும் பில்ஜில்தான் போய்ப் படுத்திருக்கும்.